இடது பக்கத்து சீட்

கிளட்ச், கிளட்ச், கிளட்ச்! போச்சு. ஆஃப் ஆயிடுச்சா? ஆகும். ஆகாம என்ன செய்யும்? கிளட்சைப் பட்டுனு விட்டா வண்டி நின்னுடும்னு நேத்தும் சொன்னேன், முந்தாநேத்தும் சொன்னேன். பின்னாடி ஹாரன் அடிக்கிறவனை விடுங்க மேடம், அவன் அடிச்சுக்கிட்டே கிடக்கட்டும். நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க. சாவியைத் திருப்புங்க. ஃபர்ஸ்ட் கியர். இப்ப மெதுவா விடுங்க. மெதுவான்னா மெதுவா.

போகுதில்ல? அவ்வளவுதான் விஷயம். காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றீங்க, ஒரு கிளட்ச் புரியலைன்னா என்ன சொல்றது.

என்ன கேட்டீங்க? ஆமா, பைலட்தான். யார் சொன்னா, ஜெபஸ்டினா? ஸ்கூல் வச்சிருக்கிறவன், சொல்லுவான். "எங்க ஸ்கூல்ல ஏரோபிளேன் ஓட்டுனவர் கார் சொல்லித் தர்றார்"னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கான். நோட்டீஸ்ல போட்டுக்கலாமா கேப்டன்னுகூட கேட்டான். போட்டுப் பாரு, அன்னைக்கோட உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டேன். அப்புறம் இன்னொண்ணு மேடம், பைலட்னு பொத்தாம் பொதுவா சொல்லாதீங்க. நான் கேப்டன். தோள்ல நாலு பட்டை. ஜெபஸ்டின் எனக்குக் கீழ கோ-பைலட்டா இருந்தவன், மூணு பட்டை. மூணுக்கும் நாலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு கேப்பீங்க. கலெக்டருக்கும் கலெக்டர் ஆபீஸ் கிளார்க்குக்கும் என்ன வித்தியாசம், அதுதான்.

விமானத்துல கேப்டன் இடது பக்கம் உக்காருவார், கோ-பைலட் வலது பக்கம். இப்பவும் பாருங்க, நான் இடது பக்கம்தான் உக்காந்திருக்கேன். அந்த வகையில எனக்கு ஒரு குறைச்சலும் இல்ல. ஸ்டீயரிங்தான் உங்க பக்கம் போயிடுச்சு. எனக்கு ஒரு கிளட்ச், ஒரு பிரேக்.

லெஃப்ட் இண்டிகேட்டர் போடுங்க. அது வைப்பர். அதுக்கு எதிர்ப்பக்கம். வெயில்ல வைப்பர் ஓடுது, பம்மல் மெயின் ரோடே பாத்து சிரிக்குது. சரி, திரும்புங்க. அந்தப் பொழிச்சலூர் ரோட்லயே நேரா போவோம், அங்க கூட்டம் குறைச்சல்.

கம்பெனி பேரெல்லாம் வேணாம் மேடம். மூடிட்டுப் போனவன் பேரை எதுக்கு இழுக்கணும். சம்பளம் முதல்ல பத்து நாள் தள்ளி வந்துச்சு, அப்புறம் பாதியா வந்துச்சு, அப்புறம் வரல. வாடகைக்கு விட்டவன் பிளேனை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டுப் போனான். காலைல ஏர்போர்ட்டுக்குப் போனா, நம்ம ஓட்ட வேண்டிய பிளேன் அங்க இருக்குமா இருக்காதான்னே தெரியாது. அப்பதான் இந்தப் பேச்சு ஆரம்பிச்சுது. எங்களை வீட்லேர்ந்து கூட்டிக்கிட்டுப் போற வேன் இருக்கும். முன்னெல்லாம் அதுல ஏறுனா பனிமூட்டம், ரன்வே, எந்த ஊர்ல எப்படி இறக்குறது, இதுதான் பேச்சு. அந்த வருஷம் பாத்தா, ஒருத்தன் சாயங்கால லா காலேஜ்ல சேர்ந்திருக்கான். ஒருத்தன் ஏலகிரில தேனீ வளர்க்கப் போறானாம். இன்னொருத்தன் பறந்துக்கிட்டிருக்கும்போதே பக்கத்துல இருக்கிற கோ-பைலட்டுக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி பேசறான். முப்பத்தஞ்சாயிரம் அடி உயரத்துல ஆயுள் காப்பீடு! கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. மாற்றுத் தொழிலாம், மண்ணாங்கட்டியாம். பட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கடை போட இடம் பாக்கிறவன் பைலட்டா? ஒரு நாள் நான் வேன்ல சத்தமாவே சொன்னேன், "உங்களை நம்பித்தான் பின்னாடி நூத்தி எண்பது பேர் சீட் பெல்ட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க, வெக்கமா இல்ல?"ன்னு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டானுங்க. இந்த ஜெபஸ்டின் மட்டும் சிரிச்சுக்கிட்டே சொல்றான், "கேப்டன், பிளேன்ல எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு. இன்ஜின் ரெண்டு, ரேடியோ ரெண்டு, பைலட் ரெண்டு. ஒண்ணு போனா இன்னொண்ணு. நம்ம பொழப்புக்கு மட்டும் ஏன் கேப்டன் ஒரே ஒரு இன்ஜின்?" வேன்ல இருந்தவனெல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறான். டிரைவர்கூட சிரிச்சான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

பிரேக்! நாய் மேடம், நாய்! நான் போட்டுட்டேன், விடுங்க. உங்களுக்கு நாய் தெரியலையா, தெரிஞ்சும் அது வழிவிடும்னு நெனச்சீங்களா? ம். போங்க.

அவன் அப்பவே இந்த டிரைவிங் ஸ்கூலுக்கு அடி போட்டுட்டான். அவங்க மாமா நாகர்கோவில்ல லாரி ஆபீஸ் வச்சிருந்தவர், அவர் ஒரு பழைய காரைக் குடுத்திருக்கார். இவன் வெளியூர்ல நாங்க ராத்திரி தங்கற ஹோட்டல்ல உக்காந்து லைசென்சுக்கு என்ன வேணும், எந்த ஆபீஸ்ல கேக்கணும்னு போன் பண்ணிக்கிட்டிருப்பான். நான் பாத்திருக்கேன். பறக்கும்போது பண்ணானான்னு கேக்காதீங்க. பறக்கும்போது பண்ணல. அதுல அவன் சுத்தம். கீழ இறங்குனப்புறம்தான் பேசுவான். ஆனா மனசு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்தவன் நான்.

அந்த சமயத்துல அவனுக்குக் கேப்டன் ஆகுற முறை வந்துச்சு. கூடப் பறந்த கேப்டன்கிட்ட அபிப்பிராயம் கேப்பாங்க, என்கிட்டயும் கேட்டாங்க. நான் உள்ளதைச் சொன்னேன். கை நல்லா இருக்கு, காத்து எப்படி அடிச்சாலும் பூப்போல இறக்குறான், ஆனா கவனம் சிதறுது, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னு சொன்னேன். ஒரு வருஷம்னுதான் சொன்னேன் மேடம்! அதுக்குள்ள கம்பெனியே படுத்துடும்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்? அவன்கூட இருந்தவங்க நாலாவது பட்டையை வாங்குன கையோட வளைகுடாப் பக்கம் போயிட்டாங்க. ரெண்டு பேர் தோஹால இருக்காங்க. இவன் மூணு பட்டையோட இங்கேயே நின்னுட்டான். கோ-பைலட்டுன்னா அந்த நேரத்துல எவனும் எடுக்கல. அதுக்கு நான் என்ன பண்றது? கேட்டாங்க, உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?

நீங்க ஒண்ணும் சொல்லல, சரி. முகத்தைப் பாத்தேன், அதான்.

தேர்ட் போடுங்க. மேல பாக்காதீங்க, அது ஏர்பஸ். சத்தத்துலயே தெரியும். சக்கரத்தை இறக்கிட்டான், அதான் அந்த இரைச்சல். தினமும் இந்த ரோட்ல தலைக்கு மேல போவான், நீங்க ரோட்டைப் பாருங்க.

கம்பெனி போனப்புறம் என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் பெரிய அடி. நான் வேற எதையும் தேடி வச்சுக்கல, ஏன்னா நான் முழு மனசோட வேலை செஞ்சவன். கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். நம்ம அனுபவத்துக்கு வீட்டு வாசல்ல வந்து நிப்பானுங்கன்னு நெனச்சேன். ஒருத்தன் வரல. ஒரு வருஷம் வீட்ல உக்காந்திருந்தேன். வத்சலா, என் வொய்ஃப், ஒரு வார்த்தை சொன்னதில்ல. காய்கறி நறுக்கிக்கிட்டே என்னைப் பாப்பா, அவ்வளவுதான். அந்தப் பார்வையே போதும்.

அப்பதான் ஜெபஸ்டின் வந்தான். அவனாத்தான் வந்தான். "கேப்டன், சொல்லித் தர்ற ஆள் கிடைக்காம கஷ்டப்படறேன், நீங்கதான் கை குடுக்கணும்"னு வீட்டுக்கே வந்து கெஞ்சினான். சரி, கூட வேலை பாத்த பையன், பாவம்னு ஒத்துக்கிட்டேன். அதுக்கு முந்தின வாரம் வத்சலா அவன் வீட்டுக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தா. சும்மா, அவன் பொண்டாட்டியைப் பாக்க. ரெண்டு பேருக்கும் அப்படி என்ன பழக்கம்னு எனக்குத் தெரியல. பொம்பளைங்க பேசிக்கிறது நமக்கு எதுக்கு.

செகண்டுக்கு வாங்க, ஸ்பீடு பிரேக்கர். நல்லா இருக்கு. பரவால்ல, இன்னைக்கு ஒண்ணாவது உருப்படியா செஞ்சீங்க.

அந்தப் பால் பூத் விஷயத்தை யார் சொன்னா உங்ககிட்ட? அமுதாவா? அந்தப் பொண்ணு சொல்லும். இன்னொரு காருக்கு அதுதான் இன்ஸ்ட்ரக்டர், அதுக்கு வாய் சும்மாவே இருக்காது. என்ன நடந்துச்சுன்னு நானே சொல்றேன். எங்க வேலைல ஒரு வழக்கம். பிளேனை ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் வாங்கும்போது சத்தமா சொல்லிட்டுத்தான் வாங்கணும். "ஐ ஹேவ் கன்ட்ரோல்"னு நான் சொன்னா, அடுத்த விநாடி கோ-பைலட் ரெண்டு கையையும் எடுத்துடணும். முப்பது வருஷப் பழக்கம். கத்துக்க வந்த ஒரு அம்மா காரை நேரா பால் பூத்தை நோக்கி விட்டுச்சு, எனக்கு வாயில வந்துடுச்சு, "ஐ ஹேவ் கன்ட்ரோல்!" கத்திட்டேன். அந்தம்மாவுக்கும் இங்கிலீஷ் நல்லா தெரியும், பாவி. டக்குனு ரெண்டு கையையும் தூக்கிடுச்சு! நான் இங்க கையை நீட்டறேன், என் பக்கம் ஸ்டீயரிங் எங்க இருக்கு? பிரேக் போட்டேன், ஆனாலும் ஷட்டர்ல போய் ஒரு இடி. யாருக்கும் ஒண்ணும் ஆகல. காலி பால் டிரேதான் நசுங்குச்சு. கையை எடுத்தது அந்தம்மா தப்பு. கார் ஓட்டும்போது எவனாவது ஸ்டீயரிங்கை விடுவானா?

ஜெபஸ்டின் திட்டல. சிரிச்சுட்டு, "எனக்கும் ரெண்டு தடவை வாயில வந்திருக்கு கேப்டன்"னான். அவன் எப்பவும் அப்படித்தான், பெரிய மனுஷன் மாதிரி. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். திட்டிட்டுப் போடா! ஒரு தடவையாவது என்னைத் திட்டு!

சரி, விஷயத்துக்கு வர்றேன். புதுசா ஒரு ஏர்லைன்ஸ் வருது, ஹைதராபாத்ல. பேப்பர்ல பாத்திருப்பீங்க. நானும் அப்ளிகேஷன் போட்டேன், அவனும் போட்டான். ரெண்டு மாசமா நான் போனைக் கையிலயே வச்சுக்கிட்டுத் தூங்கறேன். எனக்கு அறுபத்தொண்ணுதான் ஆகுது, அறுபத்தஞ்சு வரைக்கும் பறக்கலாம். உடம்புல சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது, கண்ணு கழுகு மாதிரி. ஒரு பதிலும் இல்ல. இவனுக்கு வந்துடுச்சு. கோ-பைலட்டா எடுத்திருக்கான், திங்கக்கிழமை வந்து சேருன்னான். அவன் நடுவுல சும்மா இல்ல, இந்த ஸ்கூல்ல வந்த காசைப் போட்டு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டர்ல உக்காந்து லைசென்சை உயிரோட வச்சிருந்தான். எனக்கு அதெல்லாம் எதுக்கு? நான் ஓட்டுன மணி நேரத்துக்கு யார்கிட்ட என்ன நிரூபிக்கணும்?

நேத்து சாயங்காலம் என்னை ஆபீஸ்ல உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து சொல்றான், "கேப்டன், நான் ஹைதராபாத் போறேன். ஸ்கூலை நீங்க பாத்துக்கங்க. வர்றதுல பாதி உங்களுக்கு. போர்டுலயும் உங்க பேரைப் போட்டுடலாம்." எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இவன் பறக்கப் போறானாம், நான் இவன் கடையைப் பாத்துக்கணுமாம்! கேப்டன் உலகநாதன்னு டிரைவிங் ஸ்கூல் போர்டுல எழுதி மாட்டுவானாம்! டீயை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன். வத்சலாகிட்ட சொன்னேன். அவ கையெடுத்துக் கும்பிட்டா. சாமியை இல்ல, என்னை. "தயவு பண்ணி சரின்னு சொல்லிடுங்க"ங்கறா. அவளும் அந்தப் பக்கம்.

யூ டர்ன் எடுங்க, ஆபீசுக்குத் திரும்பலாம். எதிர்ல பாருங்க. லாரி போகட்டும். இப்ப. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிங்க, முழுசா. ஆங்.

இன்னைக்குக் காலைல, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, போன். யாருன்னா ஹரிகிருஷ்ணன். என் பேட்ச். ஒண்ணா ட்ரெயினிங் எடுத்தவன். அந்தப் புது ஏர்லைன்ஸ்ல ஆள் எடுக்கிறதே அவன்தான். நான் எந்திரிச்சு நின்னுட்டேன் மேடம். சட்டையை உள்ள தள்ளிக்கிட்டு, தொண்டையைச் செருமிக்கிட்டு, அப்படி நின்னு பேசறேன். எப்படிப்பா இருக்கேன்னான். நல்லா இருக்கேன், மெடிக்கல் பக்காவா இருக்குன்னேன். சந்தோஷம்னான். அப்புறம், "உலகு, கடைசியா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேக்கறேன், ஜெபஸ்டின்னு ஒரு பையன், உன்கூடதான் ரொம்ப நாள் பறந்திருக்கான், எப்படி ஆளு?"ன்னு கேக்கறான்.

எனக்காக இல்ல. அவனுக்காகப் போன் பண்ணியிருக்கான்.

என்னைப் பத்தி என்னாச்சுடான்னு நானே கேட்டேன். வெக்கத்தை விட்டுக் கேட்டேன். "நாலு வருஷத்துக்காக உனக்குப் புது பிளேன்ல ட்ரெயினிங் குடுக்க முதலாளி ஒத்துக்க மாட்டான்பா"ன்னுட்டான். எவ்வளவு சுளுவா சொல்லிட்டான்! முப்பது வருஷம். ஒரே வாக்கியம்.

அப்புறம் என்ன சொன்னேன்னா… உள்ளதைத்தான் சொன்னேன். நல்ல பையன். கை சுத்தம். ஆனா ரெண்டு தோணில கால் வச்சிருக்கான், இங்க அவனுக்கு ஒரு ஸ்கூல் ஓடுது, ரெண்டு கார், ஆளு அம்பு எல்லாம் இருக்கு, நீ ட்ரெயினிங் குடுத்து முடிச்சதும் விட்டுட்டு வந்தாலும் வந்துடுவான்னேன். வருவான்னு சொல்லல. வந்தாலும் வந்துடுவான். இதுல என்ன பொய் இருக்கு? நீங்களே சொல்லுங்க, நீங்க படிச்சவங்க. ஸ்கூல் ஓடலையா? ரெண்டு கார் இல்லையா? இப்ப அதுல ஒண்ணுலதான் நாம உக்காந்திருக்கோம்.

என்ன இப்படிப் பாக்கறீங்க? ரோட்டைப் பாருங்க! ஹரி உடனே ஒண்ணும் முடிவு எடுக்க மாட்டான். நாலு பேரைக் கேப்பான். என் ஒருத்தன் பேச்சை வச்சா செய்வான்? என்னையே வேணாம்னவன்.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். நீங்க அப்படியே நேரா போங்க.

சொல்லு ஜெபஸ்டின். ம். இதோ வந்துக்கிட்டே இருக்கோம், பொழிச்சலூர் தாண்டியாச்சு. என்ன? … எப்ப? … அதுக்குள்ளயா? … காரணம் சொன்னானா? … ம். … ம். … இல்லப்பா, எனக்கென்ன தெரியும். … சரி. … வந்து பேசிக்கலாம். ஆமா, அந்தக் கெமிஸ்ட்ரி மேடம்தான் ஓட்டுறாங்க. … சரிப்பா.

வேணாம்னுட்டாங்களாம்.

இப்பதான் சொன்னாங்களாம். இவ்வளவு சீக்கிரம் சொல்லுவான்னு நான்… நாலு பேரைக் கேக்க வேணாமா? என்ன கம்பெனி நடத்தறானுங்க! குரலைக் கேட்டா அழுதிருப்பான் போல. பொண்டாட்டி பெட்டியெல்லாம் கட்டி வச்சிருச்சாம். "யாரோ என்னைப் பத்தி ஏதோ சொல்லியிருக்காங்க கேப்டன்"ங்கறான். யாருன்னு கேக்கல. என்னைக் கேக்கல அவன். என் மேல அவனுக்குச் சந்தேகமே வரல.

மேடம், ஆபீஸ் தெருமுனை வந்துடுச்சு, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. நிறுத்துங்களேன். ஒரு நிமிஷம்.

அவன் போகலைன்னா, ஸ்கூலை அவனே பாப்பான். ஒரு காரை அவனே எடுத்துக்குவான், சொல்லித் தர்றதுக்கு இன்னொரு ஆள் போதும். நானா, அமுதாவா. அதைத்தான் வந்து பேசலாம்ங்கறான். "மனசு கேக்கல கேப்டன், ஆனா ஹைதராபாத் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிட்டேன், ரெண்டு பேரை வச்சுக்க இப்ப முடியாது"ன்னு போன்ல அவனே சொல்றான். பெண்கள் எல்லாம் அமுதாகிட்டதான் கத்துக்கணும்ங்கறாங்க. அந்தப் பால் பூத் விவகாரத்துக்கு அப்புறம் ஒவ்வொரு கிளாஸ் முடிஞ்சதும் கத்துக்கிட்டவங்களைத் தனியா கூப்பிட்டு, கேப்டன் எப்படி சொல்லிக் குடுத்தார், என்ன பேசினார்னு கேக்கறான். இன்னைக்கு உங்களைத்தான் கேப்பான். உங்களைக் கேட்டுட்டுத்தான் என்கிட்ட பேசுவான்.

நான் உங்களைக் கொஞ்சம் கடுமையா பேசியிருப்பேன். கிளட்ச் விஷயத்துல. அது உங்க நல்லதுக்குத்தான். நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்க. நிஜமா. அந்த யூ டர்ன் பிரமாதம்.

அதைச் சொல்ல மாட்டீங்கல்ல? போன் விஷயத்தை. ஹரியை. வீட்ல வத்சலா இருக்கா மேடம். இந்த வேலையும் இல்லைன்னா நான் எந்த மூஞ்சியோட… என்ன? உள்ளதைச் சொல்லுவேன்னா என்ன அர்த்தம்? எல்லாரும் உள்ளதையே சொல்லிக்கிட்டு இருந்தா ஒரு மனுஷன் எப்படிங்க பொழைக்கிறது? நீங்க யாரு என்னைப் பத்திச் சொல்றதுக்கு? மூணு நாள் வண்டி ஓட்டுனா உங்களுக்கு என்னைத் தெரிஞ்சுடுமா?

இல்ல, இல்ல. கோபப்படாதீங்க. மன்னிச்சுக்கங்க. நான் கேட்டுக்கறேன். பெரியவன், உங்களைக் கேட்டுக்கறேன்.

அய்யோ, அவனே நடந்து வர்றான் பாருங்க. ஆபீஸ் வரைக்கும் வரட்டும்னு இருக்க முடியலை போல. கண்ணெல்லாம் சிவந்திருக்கு. அந்த நிலைமையிலயும் சிரிக்கிறான், பாத்தீங்களா. உங்க பக்கம்தான் வர்றான். மேடம், கண்ணாடியை இறக்காதீங்க. ஒரே ஒரு நிமிஷம். மேடம், இறக்காதீங்க.